படத்தில் விழாத ஆள்

ஒன்பதாம் நிலையில் காலடிச் சத்தம் கேட்க வழியே இல்லை.

மேனகா இரண்டு கைகளாலும் காதுப் பட்டைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் கேட்டாள். முதலில் ஓடைத் தண்ணீர், அப்புறம் எங்கோ உயரத்தில் விடாமல் கத்தும் ஒரு குக்குறுவான் பறவை, அதற்கும் அடியில் ஈரக்காற்று மிளகுக் கொடிகளுக்குள் நுழைந்து வெளியேறும் சலசலப்பு. இதெல்லாம் ஆவணி மாதம் அவளே பதிவு செய்து வந்தவை. அதற்கும் பின்னால், சரியாக அவள் முதுகுக்குப் பின்னால், யாரோ வெறுங்காலோடு நனைந்த சருகை மிதித்து ஓரடி எடுத்து வைத்தார்கள். ஓரடிதான். அப்புறம் நின்றுவிட்டது.

தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. சுவரில் உரக்கடைக்காரர் கொடுத்த 2006ஆம் வருடக் காலண்டர், அதற்குக் கீழே யாரோ மறந்துவிட்டுப் போன குடை. மணி பத்தேகால். பட்டப்பகலில் இதற்குப் போய் இப்படி வியர்க்கிறதே, என்ன பொம்பளை நீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிள்ளைகள் அந்தக் கருவிக்கு முட்டாக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். கண்ணையும் காதையும் சேர்த்து மூடும் கறுப்புப் பெட்டி அது, உள்ளே இரண்டு சின்னத் திரைகள். மாட்டிக்கொண்டு சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், கொல்லிமலைக் காட்டுக்குள் நிற்பதுபோலவே இருக்கும். தலையைத் திருப்பினால் காடும் திரும்பும். கையிலிருக்கும் பொத்தானை அமுக்கினால் பாதையில் அடுத்த இடத்துக்குப் போகும். அந்த இடங்களுக்குத்தான் நிலை என்று பெயர். மொத்தம் பதினாறு நிலைகள். ஒவ்வொன்றிலும் காமிராவை மூன்றுகால் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு முழு வட்டத்துக்குப் பன்னிரண்டு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டுத் தெரியாமல் ஒட்டியவள் மேனகா. கீழே சமவெளியிலிருக்கும் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. இந்த வேலையைச் செய்தது சுஜிதாவுக்காக.

சுஜிதாவுக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இடது கால் போய்விட்டது. இரும்புப் பட்டையும் ஊன்றுகோலுமாகக் கல்லூரிப் படி ஏறுவதே அவளுக்குப் பெரும்பாடு. காட்டுப் பாதையில் நடந்து, இருபது செடிகளை அவை நிற்கிற இடத்திலேயே அடையாளம் காட்டினால்தான் மூன்றாம் வருடச் செய்முறைத் தேர்வில் பாஸ். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒத்துக்கொண்டால் அவள் இந்தக் கருவிக்குள்ளேயே நடந்து காட்டலாம் என்று மூன்று கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருந்தாள் மேனகா. தேர்வு இன்றைக்கு, பதினோரு மணிக்கு, மலை மேலிருக்கும் இந்த இரண்டு அறை ஆய்வுக்கூடத்தில். கருவி ஓடவில்லையென்றால் சுஜிதா ஃபெயில். ஃபெயிலானால் இத்தோடு படிப்பு போதும் என்று அவள் அப்பா முன்னாலேயே சொல்லிவிட்டார்.

ஒன்பதாம் நிலையைத் தூக்கிவிடவும் முடியாது. இருபதில் நான்கு செடிகள் அங்கேதான் நிற்கின்றன. அதைத் தாண்டித்தான் பத்துக்குப் போக முடியும்.

சத்தத்தை மட்டும் எடுத்துவிடலாமே? அந்த நிலையின் ஒலியை அடியோடு அழித்தாள். மறுபடியும் முட்டாக்கை மாட்டினாள். ஓடை தெரிந்தது, ஓசை இல்லை. இலைகள் அப்படியே உறைந்து நின்றன. காதுக்குள் தன் ரத்தம் ஓடுவது மட்டும் கேட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

சரக்.

முதுகுக்குப் பின்னால். நாற்காலியோடு திரும்பினாள். மரங்கள், மஞ்சள் பூஞ்சை பிடித்த ஒரு பாறை, பாதை. ஆள் இல்லை. சரக், சரக். இன்னும் திரும்பினாள். அவள் எவ்வளவு திரும்பினாளோ அவ்வளவு அதுவும் நகர்ந்தது, அவசரமில்லாமல், பழகின காலோடு, எப்போதும் அவள் முதுகுப் பக்கமாகவே.

இந்த நடை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருப்பதற்குத்தான் மூன்று மாதமாக இந்தப் பாடு.

சின்னக்கண்ணு. இந்த மலையிலேயே பிறந்து மரவள்ளியும் மிளகும் வைத்துப் பிழைத்த மனிதர், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். படமெடுத்த மூன்று நாளும் அவர்தான் வழிகாட்டி. காமிரா ஒரு வட்டம் சுற்றும்போது கூட இருப்பவர்களும் அதன் பின்னாலேயே சுற்றி வர வேண்டும், இல்லையென்றால் படத்தில் விழுந்துவிடுவார்கள். முதல் நாள் இரண்டு தரம் விழுந்து திட்டு வாங்கினவர், அப்புறம் அதையே ஒரு விளையாட்டாக்கிக்கொண்டார். "இந்தா பாருங்க டீச்சரம்மா, காமிராவுக்கே தெரியாம பொறத்தாலயே வாரேன் பாருங்க" என்று பீடிக் கறை படிந்த பல்லைக் காட்டிச் சிரிப்பார். ஒரு வட்டத்துக்குப் பன்னிரண்டு அடி. அன்றைய வேலை முடிந்ததும் லென்ஸ் மூடியை அவர்தான் மாட்டுவார், அந்த வேலையை வேறு யாருக்கும் விட மாட்டார். கட்டை விரலால் அழுத்தி, 'டக்'கென்று சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுப்பார்.

கடைசி நாள் பொழுது சாயும் நேரத்தில் அந்த மூடி காணோம். காலையில் ஒன்பதாம் நிலையில் கழற்றிப் பாறை மேல் வைத்ததாக அவருக்கு ஞாபகம். மேனகா அப்போது கடைசி நிலையில் காமிராவுக்குள் கண்ணை வைத்திருந்தாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, மூடி இல்லாமல் போனால் துறைத் தலைவர் என்ன சொல்வார் என்ற எரிச்சல் வேறு. பார்த்து வைக்க மாட்டீங்களா என்று வெடுக்கென்று கேட்டுவிட்டாள்.

"நான் ஒரு எட்டு போயி எடுத்தாந்தர்றனுங்க. வாரேனுங்க டீச்சரம்மா."

"வாங்க" என்றாள் அவள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறரை வரை காத்திருந்தாள். மழை பிடித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பனி இறங்கிவிடும் என்று ஜீப்காரர் அவசரப்படுத்தினார். சின்னக்கண்ணு குறுக்கு வழியில் வீட்டுக்குப் போயிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டாள். மறுநாள் ஊர் ஆட்கள் வந்து கேட்டபோது, இருட்டும் நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்காக ஒருவரைக் காட்டுக்குள் அனுப்பினேன் என்று வாய் வரவில்லை. "மூணு மணிக்கே கிளம்பிட்டாருங்க, பஸ் ரோட்டுப் பக்கமா போனாரு" என்றாள். நான்கு நாள் பஸ் ரோட்டுப் பக்கமே தேடினார்கள். ஓடைப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. குடகுக்குத் தோட்ட வேலைக்குப் போயிருப்பார் என்று கடைசியில் ஊர் பேசிக்கொண்டது.

ஜன்னல் கம்பியை யாரோ தட்டினார்கள். மேனகா துள்ளி எழுந்தாள்.

வெளியே பனிக்குள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சின்னக்கண்ணுவின் மனைவி பாப்பாயி நின்றிருந்தாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி.

"ஏனுங்க டீச்சரம்மா, உங்க பொட்டிக்குள்ளார காடே இருக்குதாமா. அன்னைக்குப் பேசுனதெல்லாம் அதுல இருக்குமுங்களா? எங்கூட்டுக்காரரு குரலு ஒரு தரம் கேட்டாப் போதுமுங்க."

"அதுல யாரும் பேசலீங்க. வெறும் பறவைச் சத்தந்தான்."

"பொட்டு வெக்கிறதா அழிக்கிறதான்னே தெரியலீங்க. நெசமாவே ரோட்டுப் பக்கமாத்தான் போனாருங்களா?"

இப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் போலீஸ் வரும், தேர்வு நின்றுவிடும், சுஜிதா என்ன ஆவாள்? அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லித் தன்னையே காப்பாற்றிக்கொள்கிறோம் என்பதும் தெரிந்துதான் இருந்தது. சீ என்றிருந்தது.

"ஆமாங்க. ரோட்டுப் பக்கந்தான்."

பாப்பாயி கம்பியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்ப வாரேனுங்க."

இந்தப் பக்கத்தில் போறேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் கிளம்ப மாட்டார்கள். அது அபசகுனம். கிளம்புகிறவர் வாரேனுங்க என்பார், இருக்கிறவர் வாங்க என்பார், மூச்சு விடுகிற மாதிரி அது தானாக வாயில் வரும். மேனகாவுக்கு வரவில்லை. மூன்று மாதமாக யாரிடமும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கடைசியாக அதைச் சொல்லி அனுப்பிய ஆள் இன்னும் வரவில்லை.

பதினோரு மணிக்குத் தேர்வாளர் ஜீவானந்தம் வந்தார். சேலத்துக்காரர், பருத்த உடம்பு, நல்ல மனிதர். மற்ற பிள்ளைகளை வேறொரு ஆசிரியர் நிஜக் காட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார். பனி இப்போது ஜன்னலோடு ஒட்டி நின்றது. சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் கம்ப்யூட்டரின் பேட்டரிப் பெட்டி கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இதுக்குள்ள அட்டை கடிக்காதில்ல?" என்று சுஜிதாவைக் கிண்டலடித்தார் ஜீவானந்தம்.

"கடிக்காதுங்க சார். அதுதான் ஒரே கொறை" என்று சிரித்தாள் அவள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மேனகா முட்டாக்கை மாட்டிவிடும்போது அந்தப் பெண்ணின் காதோரம் சூடாக இருந்தது. பயமில்லை, சந்தோஷம். பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்த மலைக்குள் முதல் தடவையாக நடக்கப் போகிறாள்.

"மேடம், நீங்க பக்கத்துலயே இருப்பீங்கல்ல?"

"இருக்கேன் கண்ணு."

சுஜிதா பார்ப்பது மேஜை மேலிருந்த திரையிலும் தெரிந்தது, ஸ்பீக்கரில் சத்தமும் வந்தது. மேனகா திரையைப் பார்த்து நின்றாள். வாசல் அவள் முதுகுப் பக்கம். மேஜைக்கு அந்தப்புறம், அவளுக்கு எதிரே ஜீவானந்தம் மார்க் தாளோடு உட்கார்ந்திருந்தார்.

ஒன்றாம் நிலை. மிளகுக் கொடி, பைப்பர் நைக்ரம். இரண்டில் ஆடாதொடை. மூன்றில் நன்னாரியும் ஒரு பெரணியும். சுஜிதா இலைக்காம்பைப் பற்றியும் நரம்பைப் பற்றியும் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். சபாஷ் சபாஷ் என்று எழுதிக்கொண்டே போனார் ஜீவானந்தம். ஐந்து, ஆறு, ஏழு. குக்குறுவான் கத்தியது. மேனகாவின் உள்ளங்கை ஈரமாகியது. எட்டு. எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒருவேளை எல்லாம் மனப்பிரமைதானோ? ராத்திரித் தூக்கம் சரியில்லை, அதுதான், வேறென்ன.

சுஜிதா பொத்தானை அமுக்கினாள்.

ஒன்பது. ஓடை, பாறை, பாதை. சத்தமே இல்லை.

"சீந்தில் கொடிங்க சார். டைனோஸ்போரா கார்டிஃபோலியா. இலை இதய வடிவம்..." நாற்காலி மெதுவாகத் திரும்பியது.

சரக்.

ஸ்பீக்கரில் துல்லியமாகக் கேட்டது. ஜீவானந்தம்கூடத் தலையைத் தூக்கினார்.

"மேடம்" என்றாள் சுஜிதா. "எனக்குப் பொறத்தால யாரோ நிக்கறாங்க."

"யாருமில்ல கண்ணு. படம். வெறும் படம். அடுத்த செடியச் சொல்லு, சீக்கிரம்."

"நான் திரும்புனா அவுங்களும் திரும்பறாங்க மேடம்." குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது. இதுவும் கருவியோடு சேர்ந்த வேடிக்கை என்று நினைத்துவிட்டாள், பாவம். திரையில் காடு சுற்றியது. மரம், மரம், பாறை, ஓடை. சரக், சரக், சரக். மேனகா எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டு.

பாறை மறுபடியும் திரைக்கு நடுவில் வந்து நின்றது. காலையில் அந்தப் பாறை மேல் ஒன்றுமில்லை. இப்போது வட்டமாக ஓர் ஈரக் கறை இருந்தது, எதையோ அங்கிருந்து எடுத்த மாதிரி.

கருவியை நிறுத்த வேண்டும். மேனகா கையை நீட்டினாள். நிறுத்தினால் சுஜிதா ஃபெயில். கை பாதியில் நின்றது. அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

ஸ்பீக்கரில், நீர் நிறைந்த தொண்டையிலிருந்து, தாழ்மையாக, மரியாதையாக ஒரு குரல் வந்தது.

"வாரேனுங்க."

பதில் சொல்லாதே என்று மேனகா கத்த வாயைத் திறந்தாள். ஆனால் சுஜிதா ஒழுங்காக வளர்ந்த பெண். பெரியவர் ஒருவர் வாரேனுங்க என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று வயதிலிருந்தே பழகியவள்.

"வாங்க" என்றாள்.

பேட்டரிப் பெட்டியின் கீச்சொலி நின்றது. ஸ்பீக்கரின் இரைச்சல் நின்றது. பனியும் நின்றுவிட்டதுபோல் ஓர் அமைதி. முதலில் வாடைதான் வந்தது. ஊறிய சருகு, பீடி, அதற்கும் அடியில் தித்திப்பாக இன்னொன்று, மூடிவைத்த பலாச்சுளை அழுகின மாதிரி.

பிறகு சிமெண்டுத் தரையில் ஒரு கால். வெறுங்கால். ஈரக்கால்.

"யாருங்க அது? உள்ள பரீட்சை நடக்கு..." என்று நிமிர்ந்த ஜீவானந்தம் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் பார்வை மேனகாவின் தோளுக்கு மேலே போய் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே, தரை வரைக்கும் இறங்கியது. பேனா உருண்டு விழுந்தது. அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார், முதுகு சுவரில் இடிக்கும் வரை நகர்ந்தார்.

மேனகா திரும்பினாள்.

யாருமில்லை. திறந்த கதவு. வெள்ளையாகப் பனி. தரையில் மட்டும் ஈரக் காலடி. தண்ணீரில் அழுகி உதிர்ந்ததுபோல், கால் கட்டை விரல் இல்லாத காலடி. வாசலிலிருந்து நேராக அவள் நின்ற இடம் வரை வந்து, அங்கிருந்து வளைந்து போயிருந்தது. அவள் முதுகுப் பக்கமாக.

இன்னும் திரும்பினாள். சளக். காலடி ஒன்று கூடியது. திரும்பினாள். சளக். ஜீவானந்தத்தின் கண்கள் அவளைச் சுற்றி வந்தன. அவருக்குத் தெரிகிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை. சின்னக்கண்ணு படத்தில் விழவே மாட்டார். பழகினவர்.

"மேடம்?" முட்டாக்குக்குள்ளிருந்து சுஜிதா கேட்டாள். "இங்க யாரையுங் காணோமுங்க மேடம். வந்தவரு எங்க போனாரு?"

ஓடைப் பக்கமுங்க. நான்தான் அனுப்பினேன். ஓடைப் பக்கம் தேடுங்க. மேனகா சொல்ல நினைத்தாள். மூன்று மாதமாகச் சொல்லாத வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

சளக். சளக்.

பன்னிரண்டு. வட்டம் முடிந்தது.

காதோரம் ஈர மூச்சு. சந்தோஷமான குரல்.

"மூடி கெடச்சிருச்சுங்க டீச்சரம்மா."

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்து, தோல் கையுறைபோல் தளர்ந்த கை. விரல்களுக்கிடையில் கறுப்பாக, வட்டமாக, சேறு ஒட்டிய லென்ஸ் மூடி. அது மெதுவாக அவள் முகத்துக்கு நேராகத் திரும்பியது. வலது கண்ணுக்கு நேராக. குளிர்ந்த விளிம்பு இமையில் பட்டது. அதன் மேல் கட்டை விரல் வந்து பதிந்து, அழுத்தத் தொடங்கியது.

'டக்'கென்று சத்தம் கேட்கும் வரை அவர் கையை எடுக்க மாட்டார்.